ரிவர்ஸுக்குக் கூடுதல் விளக்கு

கேள்வி: இரவில் ரப்பர் தோட்டத்துக்குள் ஜீப்பை ரிவர்ஸ் எடுத்தால் பின்னால் பள்ளம் தெரிவதில்லை. கூடுதல் விளக்கு போடலாமா?
- வாசகர், காரக்கோணம்

பதில்: போடலாம். ஆனால் பழைய ரிவர்ஸ் விளக்கின் மெல்லிய வயரிலேயே இணைத்துவிடாதீர்கள், சூடேறி உருகும். ரிலே வையுங்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30-ஆம் முனைக்கு, 87-லிருந்து விளக்குக்கு, 85 எர்த். ரிவர்ஸ் வயரை ஒரு சுவிட்ச் வழியாக 86-க்குக் கொடுங்கள். கியரும் சுவிட்சும் சேர்ந்தால்தான் எரியும். 18 வாட் எல்.இ.டி. இரண்டுக்கு, 12 வோல்ட்டில், 3 ஆம்பியர்தான். 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும், அது பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் (1988) 52-ஆம் பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதால், முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். வெள்ளறடை சாலையில் ஏறியதும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். நம் வெளிச்சம் இன்னொருவர் கண்ணைக் கூசவைக்கக் கூடாது.