இத்தாலி நாட்டுப்புறப் பிரயாணம்: திட்டம் வகுக்கும் முறை

சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீபெரும்புதூரினின்று ஒரகடம் வரையிலும் செல்லும் சாலையின் இருமருங்கும், ஒரு தலைமுறைக்கு முன்னர் நெல்வயல்களும் ஏரிகளும் பனைகளுமே மிக்கிருந்தன. இக்காலத்தில் அவ்விடத்தே மோட்டார் வண்டியும் கைப்பேசியும் கண்ணாடியும் டயரும் செய்யும் பெருந்தொழிற்சாலைகள் நிரம்பியுள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தார் 1998-இல் வண்டி செய்யத் தொடங்கினர். ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை 2010-இலும், டைம்லர் பாரவண்டித் தொழிற்சாலை 2012-இலும் திறக்கப்பெற்றன. கல்லூரிப் படிப்பை முடித்து வெளிச்செல்லும் மாணவர் பலர் இன்று இத்தொழிற்சாலைகளிற் பணிபுரிகின்றனர்.

இரவுமுறை, பகல்முறை என மாறிமாறி உழைக்கும் இவ்விளைஞர், ஓய்வு கிடைத்தபோது கைப்பேசியிற் காணும் படங்களுள் ஒன்று இத்தாலி நாட்டுப்புறத்தின் படமாகும். மெல்லென ஏறியிறங்கும் குன்றுகள், அவற்றின்மீது வரிசையாய் நிற்கும் சைப்ரஸ் மரங்கள், திராட்சைத் தோட்டத்தினிடையே ஒரு பழைய கல்வீடு. “ஒருமுறையேனும் அங்குச் சென்று பத்துநாள் தங்கவேண்டும்” என்னும் அவா எழுகின்றது. அவா எழுதல் குற்றமன்று. அதனைத் திட்டமாக மாற்றும் வகை யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துள்ளார். அவை அரசன் வினைமேற் செல்லுதலைக் குறித்தனவாயினும், பிரயாணம் செய்வோனுக்கும் அம்மூன்றும் இன்றியமையாதன. அம்முறையே ஈண்டும் கொள்ளப்படுகின்றது.

வலியறிதல்

முதலில் அறியவேண்டியது நாட்களின் வலி. தொழிற்சாலைச் சட்டம் நெடுங்காலமாக வகுத்திருந்த கணக்கின்படி, வேலை செய்த 20 நாளுக்கு ஒருநாள் சம்பளத்தோடு கூடிய விடுப்பு உண்டு. ஓராண்டில் 300 நாள் உழைத்தவனுக்கு 15 நாள் சேரும். போக்குவரவிலும் நேரமாற்றத்தின் களைப்பிலும் நான்கு நாள் கழியுமாயின், எஞ்சுவன 11 நாட்களே. ஒப்பந்தத் தொழிலாளராய்ப் பணிபுரிவோர்க்கு இவ்வளவும் கைகூடுதல் அரிது. ஆதலின், விமானச்சீட்டு வாங்குமுன் விடுப்புக் கணக்கைப் பார்த்தல் வேண்டும்.

அடுத்தது பொருளின் வலி. இத்தாலி, ஷெங்கன் உடன்படிக்கை நாடுகளுள் ஒன்று. அந்நாடுகளுட் புக விரும்பும் இந்தியர் முன்னரே விசா பெறவேண்டும். புறப்படும் நாளுக்கு ஆறு மாதத்திற்கு முன்னதாக விண்ணப்பித்தல் இயலாது. 15 நாளுக்குக் குறைவாயிருக்கும்போது விண்ணப்பித்தலும் ஆகாது. வயதுவந்தோர்க்குரிய விசாக் கட்டணம் 2024 ஜூன் மாதத்தில் 90 யூரோவாக உயர்த்தப்பட்டது. குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு மருத்துவச் செலவை ஏற்கும் பிரயாண இன்ஷூரன்ஸும், வங்கிக் கணக்கின் நகலும், தங்குமிடச் சான்றும், வேலை கொடுத்தோர் தரும் விடுப்புக் கடிதமும் வேண்டப்படும். விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பி வாராது. இவற்றையெல்லாம் எண்ணி, இரண்டாண்டு முன்னரே சிறுகச் சிறுகச் சேர்ப்பவனே கடனின்றிச் சென்று கடனின்றித் திரும்புவான். கடன்பட்டுக் கண்ட காட்சி, திரும்பிய மாதமே கசந்துபோம்.

காலமறிதல்

இத்தாலியில் ஆகஸ்ட் 15 பொதுவிடுமுறை நாள். அந்நாளையொட்டி அந்நாட்டாரே பெருந்திரளாக ஊர்விட்டுச் செல்வர், வெயிலும் மிகும், விலையும் ஏறும். அக்காலத்தை விலக்குக. நம் சித்திரை வைகாசியில் கோதுமைப் பயிர் பச்சையாய்க் குன்றுகளைப் போர்த்திருக்கும். ஆனி ஆடியில் அறுவடை நிகழும். அதன்பின் நிலம் மண்ணிறமாய்க் கிடக்கும். புரட்டாசியில் திராட்சைக் கொய்தலும், ஐப்பசி கார்த்திகையில் ஒலிவக்காய் பறித்து எண்ணெய் ஆட்டுதலும் நடைபெறும். உழவர் வேலைசெய்யும் காலத்திற் செல்வோனே நாட்டுப்புறத்தை உள்ளவாறு காண்பான்.

இடனறிதல்

பலரும் பிழைபடுவது இவ்விடத்தே. பத்துநாளில் ரோமாபுரி, பிளாரன்ஸ், வெனிஸ், மிலான் ஆகிய எல்லாவற்றையும் கண்டுவிட எண்ணுவோர், பாதிநாளைப் புகைவண்டியிற் கழித்து, நாட்டுப்புறத்தைச் சன்னலின் வழியே காண்பர். ஒரு நாட்டுப்புறத்தைத் தெரிந்தெடுத்து அங்கேயே தங்குதல் நலம்.

தமிழ் கற்றோர்க்கு ஏற்ற இடம் இரண்டு உள. வடஇத்தாலியில் மாந்துவா மாவட்டத்தைச் சேர்ந்த காஸ்திலியோனே என்னும் சிற்றூர் ஒன்று. சதுரகராதி தொகுத்து, தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் 1680-இல் பிறந்தது அங்கேதான். அதன் அருகிலுள்ள சொல்பெரீனோவில் 1859 ஜூன் 24-இல் நிகழ்ந்த பெரும்போரில் காயமுற்றோர் அவ்வூருக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்க்கு ஊர்மக்கள் செய்த தொண்டினைக் கண்டே ஹென்றி துனாந்து என்பார் செஞ்சிலுவைச் சங்கத்தின் கருத்தினைப் பெற்றார். மற்றோரிடம் நடுஇத்தாலியின் தொஸ்கானா நாட்டிலுள்ள ஓர்ச்சா ஆற்றுப்பள்ளத்தாக்கு. மதுரையில் வாழ்ந்து தமிழ் உரைநடை எழுதிய தத்துவ போதகர் என்னும் நோபிலியின் குடும்பத்தார்க்குரிய மோந்தேபுல்சானோ நகர் அதனை அடுத்துளது. இவ்விரண்டிடமும் ஒன்றற்கொன்று மிகத் தொலைவிலுள்ளன. ஆகவே ஒன்றையே கொள்க. படத்திற் காணும் குன்றுகளையும் கல்வீட்டையும் விரும்புவோன் ஓர்ச்சாப் பள்ளத்தாக்கிற்கே செல்லல் வேண்டும்.

பிளாரன்ஸிலிருந்து சீயெனா நகர்வரையிற் புகைவண்டியும் பேருந்தும் உண்டு. அதற்கப்பால் பேருந்துகள் சிலவே. மோட்டார் வண்டி வாடகைக்கெடுப்போன் நம் நாட்டு ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு அனுமதிச்சீட்டும் கொண்டுசெல்லல் வேண்டும். அங்குச் சாலையின் வலப்புறமே செல்லவேண்டும். பழைய நகரங்களின் நடுவே, அனுமதியற்ற வண்டிகள் புகலாகாத தெருக்கள் உண்டு. அறியாது புகுந்தவனுக்கு அபராதச்சீட்டு சில திங்கள் கழித்தும் வந்து சேரும்.

அந்த அழகு வந்த வழி

இதுகாறும் கூறியவை பிரயாணத்தின் புறம். இனி அதன் அகத்தைக் காண்போம். படத்திற் கண்ட அந்நாட்டுப்புறம் தானே அவ்வாறு அமைந்ததன்று. சீயெனா நகரத்தார் 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் தம் ஆட்சிக்குட்பட்ட அந்நிலத்தைத் திட்டமிட்டுத் திருத்தினர். அதுபற்றியே 2004-இல் யுனெஸ்கோ நிறுவனத்தார் அதனை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றனர். சீயெனாவின் நகரமன்றத்தில் 1338–39-இல் அம்புரோஜியோ லொரென்செத்தி என்னும் ஓவியர் தீட்டிய சுவரோவியம் உண்டு. நல்லாட்சி நடக்கும் நாட்டில் நகரவாயில் திறந்திருக்க, உழுவோர் உழ, அறுப்போர் அறுக்க, வணிகர் அஞ்சாது வழிச்செல்கின்றனர். எதிர்ச்சுவரில் கொடுங்கோல் நிலவும் நாடு பாழ்பட்டுக் கிடக்கின்றது. நாட்டுப்புறத்தின் அழகு ஆட்சியின் பயன் என்பதே அவ்வோவியம் புகட்டும் பாடம்.

அக்கல்வீடுகளின் வரலாறோ இன்னும் நெருங்கி நம்மைத் தொடுகின்றது. அவற்றில் வாழ்ந்தோர் வாரக்குடிகள். விளைவிற் பாதியை நிலக்கிழாருக்கு அளந்து, மறுபாதியால் பெருங்குடும்பத்தைத் தாங்கியவர். இரண்டாம் உலகப்போரின் பின்னர், அவர்தம் மக்கள் நகரத் தொழிற்சாலைகளை நாடிச் சென்றனர். நிலம் தரிசாயிற்று, வீடுகள் பூட்டப்பட்டன. புதிய வார ஒப்பந்தங்கள் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலக்கப்பட்டன. இன்று நாம் வியந்து நோக்கும் வீடுகளுட் பல, தொழிற்சாலைக்குச் சென்றோர் விட்டுப்போன வீடுகளே.

பின்னர் அவை உயிர்பெற்றது எவ்வாறு? உழவர் தம் வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைத்து, தம் நிலத்தில் விளைந்ததை உணவாக அளிக்கும் முறை அந்நாட்டிற் பரவிற்று. அதற்கு அக்ரிதூரிஸ்மோ என்று பெயர். 1985-இல் இயற்றிய ஒரு சட்டம் அதனை நெறிப்படுத்திற்று. விருந்தோம்பல் உழவுக்குத் துணையாதல் வேண்டும், உழவே தலைமைத் தொழிலாய் நிற்றல் வேண்டும் என்பது அதன் உயிர்நிலை. 2006-இல் வந்த புதிய சட்டமும் அக்கொள்கையைப் போற்றிற்று. உழவை விட்டுவிட்டு விடுதி மட்டும் நடத்துவோன் அப்பெயரைக் கொள்ளுதல் கூடாது. ஆகவே, தங்குமிடம் தேடுவோன் அக்ரிதூரிஸ்மோ வீடொன்றைத் தெரிந்தெடுப்பானாயின், அவன் கொடுக்கும் பணம் ஓர் உழவனை நிலத்தில் நிலைநிறுத்தும். அவன் காணவந்த அழகும் அதனாலேயே நிலைபெறும்.

முன்னோட்டம்

ஒரகடத்திற் பணிபுரியும் இளைஞனுக்கு இவ்வரலாறு அயலாருடையதாகத் தோன்றாது. அவனுடைய பாட்டனார் உழுத நிலத்தில் இப்போது தொழிற்சாலை நிற்கலாம். அல்லது நிலம் உழுவாரின்றிக் கிடக்கலாம். ஆதலின் இத்தாலி செல்லுமுன், இரண்டு நாள் விடுமுறையில் ஒரு முன்னோட்டம் செய்துபார்க்குமாறு வேண்டுகின்றேன். அது மேற்சொன்ன முறையைப் பழகுவதற்கும் உதவும். ஒப்பிட்டு நோக்குவதற்கும் உதவும்.

ஒரகடத்தினின்று வாலாஜாபாத் நோக்கிச் சென்றால் அதன் அருகே தென்னேரி என்னும் பேரேரியைக் காணலாம். திரையனேரி என்னும் பெயரே அவ்வாறு மருவிற்று என்பர். அப்பால் உத்திரமேரூர். அங்கே வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழனுடைய காலத்துக் கல்வெட்டுக்கள் உள்ளன. ஆண்டு 919, 921. ஊரை 30 குடும்புகளாகப் பகுத்து, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து, வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்த முறை அவற்றிற் கூறப்பட்டுள்ளது. ஏரி வாரியத்திற்கு அறுவர். பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவன் மீண்டும் நிற்றலாகாது. அவன் சுற்றத்தாரும் நிற்றலாகாது. அச்சபை வேதங் கற்ற நிலவுடைமையாளரின் சபையே. உழுத குடிகள் அதில் இடம்பெற்றிலர். எனினும் ஏரியைக் காப்பதற்கென்றே ஓர் அவையம் இருந்தது என்பது கருதத்தக்கது. சீயெனாவின் ஓவியத்திற்கு நான்கு நூற்றாண்டு முன்னரே, அதே பாடம் நம் கல்லில் எழுதப்பட்டிருந்தது.

மறுநாள் செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலுக்குச் செல்க. மார்கழி, தை அதற்கு ஏற்ற காலம். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த அவ்வூரார், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வேட்டையாடுவோரைத் தடுத்துப் பறவைகளைக் காத்தனர். 2022-இல் அவ்வேரி ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. உழவனின் தேவையும் காண்போனின் இன்பமும் ஓரிடத்தே பொருந்துவதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இவற்றைக் கண்டு திரும்பும் வழியில், கரை சரிந்தும் தூர்ந்தும் கிடக்கும் சிற்றேரிகளும் கண்ணிற்படும். அவையும் காணத்தக்கனவே. 24 அடி ஆழமும், 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடைய செம்பரம்பாக்கம் ஏரியினின்று 2015 டிசம்பர்ப் பெருமழையில் நீர் திறந்துவிடப்பட்டபோது, அடையாற்றங்கரை மக்கள் எய்திய துன்பத்தை நாம் மறந்திலோம். மேலேயுள்ள ஏரிகள் ஒன்றையொன்று தாங்கிநின்றாலன்றிக் கீழேயுள்ள ஊர் வாழாது.

முடிபு

ஆகவே, இத்தாலிப் பிரயாணத்திற்குத் திட்டம் வகுப்போர் கொள்ளத்தக்க முறை இது. விடுப்பையும் பொருளையும் இரண்டாண்டு முன்னர்க் கணக்கிடுக. உழவர் வினைசெய்யும் பருவத்தைத் தெரிக. ஒரே இடத்தைத் தேர்ந்து, உழவர் வீட்டில் தங்குக. புறப்படுமுன் நம் ஏரிப்புறத்தை இருநாள் காண்க. அங்குச் சென்றபின், “இந்த வீடு எவருடையது? இதைவிட்டு எவர் சென்றார்? மீண்டும் இங்கு விளக்கேற்றியவர் எவர்?” என்று வினவுக. நம் ஏரிக்கரையூர்களில், விருந்தினரைத் தங்கவைத்து வாழும் உழவர் வீடுகள் இன்று அரியனவாகவே உள்ளன. தொழிற்சாலையிற் பொருளீட்டியும், மேனாட்டு உழவன் வீட்டில் விருந்துண்டும் திரும்பும் ஓரிளைஞன், பாட்டனாரின் பூட்டிய வீட்டைத் திறந்து, வயலையும் ஏரியையும் பேணி, அங்கு விருந்தினரை வரவேற்பானாயின், அவன் செய்த பிரயாணம் முழுப்பயன் தந்ததாகும்.