ஸ்டெப் மதிப்பெண் குறைந்தவர்கள் அமெரிக்க ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்க

ஸ்டெப் 2 சி.கே. தேர்வில் பாஸ் மார்க் 2025 ஜூலையிலிருந்து 218. நீங்கள் 222 எடுத்திருந்தால் பாஸ். ஆனால் பாஸான தேர்வை மார்க் உயர்த்துவதற்காக மறுபடி எழுத முடியாது. ஸ்டெப் 1-க்கு 2022 ஜனவரியிலிருந்து மார்க்கே கிடையாது என்பதால், எல்லோர் கண்ணும் முதலில் விழுவது இந்த எண் மீதுதான். அது இனி மாறாது என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

துறை: இண்டர்னல் மெடிசின், ஃபேமிலி மெடிசின், பீடியாட்ரிக்ஸ். இந்த மார்க்கோடு டெர்மட்டாலஜி, ஆர்த்தோ என்று ஆசைப்பட வேண்டாம்.

பலரும் சறுக்குவது புரோகிராம் பட்டியலில். மார்க் குறைவு என்றதும் பயத்தில் இருநூறு இடங்களுக்கு அள்ளி வீசுகிறார்கள். 2025 பருவக் கட்டணப்படி ஒரு துறையில் முதல் 30 விண்ணப்பங்களுக்குத் தலா 11 டாலர், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 30 டாலர். 150 இடங்களுக்குப் போட்டால் 3,930 டாலர். மூன்று லட்ச ரூபாய்க்கு மேல். அந்த விண்ணப்பங்களில் பலவற்றை எந்த மனிதரும் படிப்பதில்லை. மார்க், எத்தனையாவது முயற்சி, படிப்பை முடித்த ஆண்டு, விசா தேவையா என்று ஃபில்டர் போட்டுவிட்டால் உங்கள் விண்ணப்பம் திறக்கப்படாமலே ஒதுங்கிவிடும்.

அதனால் பட்டியலைப் பொறுமையாகக் கட்டுங்கள். ரெசிடென்சி புரோகிராம்களைத் தேட உதவும் ஃப்ரெய்டா தளத்தில் பெயர்களை எடுத்து, ஒவ்வொரு புரோகிராமின் சொந்தப் பக்கத்துக்கும் போய்க் குறைந்தபட்ச மார்க், படிப்பு முடித்து எத்தனை ஆண்டுவரை ஏற்பார்கள், ஜே-1 விசாவை ஏற்கிறார்களா, எச்-1பி தருகிறார்களா என்று ஒரு எக்ஸெல் தாளில் குறியுங்கள். அடுத்து, இப்போது அங்கே ரெசிடென்ட்டாக இருப்பவர்களின் பக்கத்தைத் திறந்து எந்தக் கல்லூரியில் படித்தவர்கள் என்று பாருங்கள். "வெளிநாட்டில் படித்தவர்கள் அறுபது சதவீதம்" என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். நெருங்கிப் பார்த்தால் கரீபியன் கல்லூரிகளில் படித்துத் திரும்பிய அமெரிக்கக் குடிமக்களாக இருப்பார்கள். அவர்களுக்கு விசா வேண்டாம், உங்களுக்கு வேண்டும். இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், நைஜீரியா கல்லூரிப் பெயர்கள் கடைசி மூன்று பேட்ச்சிலும் தென்பட்டால்தான் அந்த இடம் உங்கள் பட்டியலில் நிற்க வேண்டும். பக்கத்தில் விவரம் இல்லையென்றால் புரோகிராம் கோஆர்டினேட்டருக்கு இரண்டே வரியில் மின்னஞ்சல் போடுங்கள்: என் மார்க் இவ்வளவு, எனக்கு ஜே-1 தேவை, விண்ணப்பத்தைப் பார்ப்பீர்களா? "பார்க்க மாட்டோம்" என்று பதில் வந்தால் 30 டாலர் மிச்சம். சி.வி.யை இணைத்து நீளமாக எழுதாதீர்கள்.

ஒரு புரோகிராம் மீது உங்களுக்குள்ள விருப்பத்தைக் காட்டும் சிக்னல்களை இந்தப் பட்டியலுக்குள்ளேயே செலவிடுங்கள். இண்டர்னல் மெடிசினில் 3 கோல்டு, 12 சில்வர். கோல்டு, நீங்கள் வேலை பார்த்த ஊருக்கோ உங்கள் சீனியர் இருக்கும் மருத்துவமனைக்கோ போகட்டும். பெரிய பல்கலைக்கழகத்துக்குக் கோல்டு அனுப்புவது இந்த மார்க்கில் வீண்.

பரிந்துரைக் கடிதங்கள். ஒரு புரோகிராமுக்கு நான்கு வரை அனுப்பலாம். அதில் குறைந்தது மூன்றை அமெரிக்காவில் உங்களை நேரில் பார்த்தவர்கள் எழுதியிருக்க வேண்டும். ரெசிடென்ட்டுகளுக்குப் பாடம் எடுக்கும் டாக்டரின் ஒரு கடிதம், தனியார் கிளினிக்கில் காசு கட்டி வாங்கிய மூன்று கடிதங்களைவிட மேல். அப்சர்வர்ஷிப்பில் ஓரமாக நின்றுவிட்டு வராதீர்கள். காலையிலேயே நோயாளிகளின் வரலாற்றைப் படித்துவிட்டு, ரவுண்ட்ஸ் முடிந்ததும் ஒரு கேஸை நீங்களே பிரசென்ட் செய்ய அனுமதி கேளுங்கள். கடைசி வாரத்தில், "எனக்கு வலுவான கடிதம் எழுத முடியுமா, டாக்டர்?" என்று நேராகக் கேளுங்கள். தயங்கினால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையைத் துறந்துவிடுங்கள். துறக்காத கடிதத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பெர்சனல் ஸ்டேட்மெண்ட் ஒரே பக்கம். மார்க் குறைவு மட்டும் என்றால் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். தேர்வில் ஒருமுறை தோற்றிருந்தால் இரண்டு வாக்கியம்: என்ன நடந்தது, பிறகு எதை மாற்றிக்கொண்டீர்கள். குடும்பக் கஷ்டத்தை விரிவாக எழுதினால் படிப்பவருக்கு அதுவே மனதில் நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள்.

ஸ்டெப் 3-ஐ அமெரிக்காவில் மட்டுமே எழுத முடியும், அதுவும் ஈ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழ் கிடைத்த பிறகு. எச்-1பி விசாவுக்கு அது கட்டாயம். குறைந்த மார்க்கை ஈடுகட்டும் ஒரே தேர்வும் அதுதான். ஆனால் மாதிரித் தேர்வுகளில் நிச்சயம் தேறும் நிலைக்கு வராமல் உட்கார்ந்துவிடாதீர்கள். அதிலும் தோற்றால் எந்தக் கடிதமும் காப்பாற்றாது.

செப்டம்பர் கடைசியில் புரோகிராம்கள் விண்ணப்பங்களைத் திறக்கும்போது எல்லாம் உள்ளே இருக்க வேண்டும். அக்டோபரில் வந்து சேரும் கடிதம் பாதிப் பலன்தான்.

இண்டர்வியூ கிடைத்த எல்லா இடங்களையும் ரேங்க் பட்டியலில் சேருங்கள், உண்மையிலேயே விரும்பும் வரிசையில். "அவர்கள் என்னை எடுப்பார்களோ" என்று கணக்குப் போட்டு வரிசையை மாற்றாதீர்கள். இடங்களை ஒதுக்கும் மேட்ச் கணக்கீடு உங்கள் விருப்பத்திலிருந்துதான் தொடங்குகிறது.

மார்ச்சில் மேட்ச் வாரத் திங்களன்று இடம் இல்லை என்று தெரிந்தால், நிரம்பாத இடங்களுக்கான 'சோப்' சுற்று அன்றே தொடங்கிவிடும். 45 இடங்கள் வரை விண்ணப்பிக்கலாம். இதற்கான ஸ்டேட்மெண்ட்டை, ஃபேமிலி மெடிசினுக்கு ஒன்று, ஒரு வருட பிரிலிமினரி இடங்களுக்கு ஒன்று என்று பிப்ரவரியிலேயே எழுதி வையுங்கள். அந்த நாட்களில் புரோகிராம் உங்களை அழைக்கும்வரை நீங்களோ, உங்களுக்காக வேறு யாருமோ அவர்களுக்குப் போன் செய்யக் கூடாது. அது விதிமீறல், அமெரிக்காவில் இருக்கும் மாமாவிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.