விபத்துக்குப் பின் பரிசோதனை ஏன்?

விபத்து நடந்தவுடன் வண்டி ஓட்டியவரைச் சோதிப்பது அவரை அவமதிக்கவா? அல்ல. நேரம் செல்லச் செல்ல மதுவின் அடையாளம் உடலிலிருந்து மறைந்துவிடும். அத்துடன் உண்மையும் மறைந்துவிடும். ஆகையினால்தான் அமெரிக்காவில் கனரக வண்டி ஓட்டுநர்களுக்குக் கடும் விபத்துக்குப் பின் மதுச் சோதனை 8 மணி நேரத்துக்குள்ளும், போதைப்பொருள் சோதனை 32 மணி நேரத்துக்குள்ளும் என்று விதித்திருக்கிறார்கள்.

நம் மலேசியாவிலும் விபத்துக்குள்ளான ஓட்டுநரை மூச்சுச் சோதனைக்கு உட்படுத்த 1987-ஆம் வருடச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் போலீசாருக்கு அதிகாரம் அளிக்கிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்த மதுவின் வரம்பு 2020 அக்டோபரில் 50 ஆயிற்று. சர்க்கார் உத்தியோகஸ்தர் போதைப்பொருள் உட்கொண்டதாக அரசாங்க மருத்துவ அதிகாரி சான்றளித்தால், 1993-ஆம் வருட ஒழுங்கு விதிகளின்படி அவர் வேலையே போகலாம்.

மது நமக்கு ஹராம். ஆகவே இது நம் காரியமல்ல என்றிருக்கலாமா? சுங்காயிலிருந்து ஈப்போவுக்குச் சரக்கெடுக்கக் கிளம்பிய நம் கடைப் பையன் ஒரு நாள் தூக்கம் தரும் இருமல் மருந்து குடித்திருந்தான். கேட்டபின்தான் தெரிந்தது. சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டோம்.

வண்டியும் பாதையில் போவோர் உயிரும் அமானிதம். சாவி கொடுக்குமுன் கேட்போம். மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்தச் சொல்வோம். குற்றமற்றவனுக்குச் சோதனையே சாட்சி.