எடுத்தலும் முகத்தலும்: பெட்ரோல் ஓட்டத்தின் கணக்கு

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவைகளை நான்காக வகுத்தனர் நம் முன்னோர். தராசில் நிறுப்பது எடுத்தல். நாழியிலும் படியிலும் முகந்து காண்பது முகத்தல். இவ்விரண்டின் வேறுபாட்டைத் தொல்காப்பியனாரும் போற்றினார் என்பது, எழுத்ததிகாரத்துத் தொகைமரபில் அளவுப்பெயரையும் நிறைப்பெயரையும் தனித்தனியே சுட்டி, அவற்றிற்கு முதலாய் வரும் எழுத்துக்கள் ஒன்பதென அவர் கூறுதலால் விளங்கும். உழக்கு முகத்தற்குரியது, பலம் எடுத்தற்குரியது. எடுத்தற் கணக்கை முகத்தற் கணக்காக மாற்றுவது எங்ஙனம் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள். அதற்கு உதாரணமாக, மக்கள் நாடோறும் விலைகொடுத்து வாங்கும் பெட்ரோலைக் கொள்வோம்.

பூவிருந்தவல்லிக்கு மேற்கே உள்ளது திருமழிசை. திருச்சந்தவிருத்தம் பாடிய ஆழ்வார் பிறந்த பதி. பிரமன் கட்டளைப்படி விசுவகர்மன் தராசின் ஒரு தட்டில் உலகையும் மறு தட்டில் திருமழிசையையும் இட்டு நிறுத்தான் என்றும், திருமழிசைத் தட்டே கனத்துத் தாழ்ந்தது என்றும் அவ்வூர்த் தலபுராணம் கூறும். இன்றோ அங்குச் சிட்கோ தொழிற்பேட்டை ஒன்று விளங்குகின்றது. அயலே பெங்களூர் நெடுஞ்சாலை செல்கின்றது. நிறையாற் பெயர்பெற்ற அவ்வூரின் பக்கமாக ஓடும் வண்டிகள் அனைத்தும் லிட்டரால் முகந்து விற்கும் எரிநெய்யையே உண்டு செல்கின்றன.

ஆயின் வண்டியின் எஞ்சின் லிட்டரை அறியாது, நிறையையே அறியும். ஒரு கிலோகிராம் பெட்ரோல் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். இவ்விகிதம் நிறையால் அமைந்தது. ஆதலின் எஞ்சினைச் சோதிப்போர் எரிநெய்யின் செலவை நிறையாற் கணிப்பர். குழாயில் ஓடும் நெய்யின் நிறையை நேரே காட்டும் கருவிகளும் உள. அவற்றுள் ஒன்று, கொரியோலிஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1835-இல் விளக்கிய விசையைக் கொண்டு இயங்குவது. அதிரும் குழாய் ஒன்று, தன்னுள் ஓடும் பொருளின் நிறைக்கேற்பச் சிறிது முறுகுதலைக் கொண்டு அது கணக்கிடும். வண்டிகளுக்குரிய அழுத்திய இயற்கை வாயு கிலோகிராமில் விற்கப்படுவதும், பெட்ரோல் லிட்டரில் விற்கப்படுவதும் நாம் அறிந்ததே.

ஒரு நிமிடத்தில் இத்தனை கிலோகிராம் எனின் அது நிறையோட்டம். இத்தனை லிட்டர் எனின் அது பருமவோட்டம். இரண்டையும் இணைக்கும் பாலம் அடர்த்தி, அஃதாவது ஒரு லிட்டரின் நிறை. நிறையோட்டத்தை அடர்த்தியால் வகுத்தால் பருமவோட்டம் கிடைக்கும். 15 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் ஒரு கனமீட்டர் பெட்ரோல் 740 கிலோகிராம் என்க. கனமீட்டர் ஒன்றுக்கு 1,000 லிட்டர் ஆதலின், ஒரு லிட்டர் 0.740 கிலோகிராம். நிமிடத்திற்கு 37 கிலோகிராம் ஓடுமாயின், 37-ஐ 0.740-ஆல் வகுக்க, நிமிடத்திற்கு 50 லிட்டர் என்பது பெறப்படும். 740-ஆல் வகுப்பின் விடை 0.05 கனமீட்டர் என வரும்; அதுவும் 50 லிட்டரே.

இனி, மாணவர் கருத்தூன்ற வேண்டிய இடம் இதுவே. பெட்ரோல் வெப்பத்தால் விரியும். பாகை ஒன்றுக்கு ஆயிரத்தில் ஏறத்தாழ 1.2 பங்கு பெருகும். மேற்கூறிய பெட்ரோல் 35 பாகையில் கனமீட்டருக்குச் சுமார் 722 கிலோகிராமே நிற்கும். அப்போது அதே 37 கிலோகிராமை 0.722-ஆல் வகுக்க, 51.2 லிட்டர் ஆகும். ஒரு மணி நேரத்தில் 3,000 லிட்டர் என்று எண்ணியது 3,075 லிட்டராகத் தோன்றும். மிகுந்த 75 லிட்டரில் ஒரு துளி நிறையும் கூடவில்லை. ஆகவே வெப்பநிலை கூறாத லிட்டர் குறையுடைய கூற்றேயாம்.

இக்கணக்கு ஏட்டோடு நிற்பதன்று. நம் நாட்டுத் தர விதிப்படி பெட்ரோலின் அடர்த்தி 15 பாகையில் 720-க்கும் 775-க்கும் இடைப்பட்டிருத்தல் வேண்டும். விற்பனை நிலையத்தார் நாடோறும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு அடர்த்தியையும் உடன் வெப்பநிலையையும் குறித்து, அட்டவணை கொண்டு 15 பாகைக்கு மாற்றிப் பதிவேட்டில் எழுதுவர். சரக்குடன் வந்த சீட்டிற் கண்ட அடர்த்திக்கும் இதற்கும் 3 கிலோகிராமுக்கு மேல் வேறுபாடு இருத்தலாகாது. வாங்குவோர் எவரும் இச்சோதனையைச் செய்து காட்டும்படி கேட்கலாம். 5 லிட்டர் முகவையில் அளந்து காட்டும்படியும் கேட்கலாம். முகவை பருமனைக் காட்டும். ஹைட்ரோமீட்டர் பொருளின் தன்மையைக் காட்டும். இரண்டும் ஒருங்கே இருந்தாலன்றி வாங்குவோர்க்கு நியாயம் நிறைவுறாது.

அதிகாலையிற் பெட்ரோல் வாங்கின் மிகுதியாகக் கிடைக்கும் என்பார் பலர். கொள்கை மெய், ஊதியம் சிறிது. நிலையத்துத் தொட்டி மண்ணுக்குள் புதைந்திருத்தலால் அதன் வெப்பம் காலைக்கும் நண்பகலுக்கும் மிக வேறுபடுவதில்லை. 2 பாகை வேறுபாடே உண்டெனக் கொள்ளினும், 10 லிட்டருக்கு 24 மில்லிலிட்டரே மாறும். ஆயிரக்கணக்கான லிட்டர் ஏற்றி இறக்கும் இடத்திலோ அதே விகிதம் பெருந்தொகையாக விளையும்.

இந்தியாவில் மெட்ரிக் அளவைகளுக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. நாழியும் பலமும் வாணிகத்தினின்று விலகின. அளவைகளின் பெயர் மாறினும் அறம் மாறவில்லை. வள்ளுவனார் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாக்கினார். நம் வேதாகமமும் கள்ளத்தராசைக் கடிகின்றது. துலாக்கோல் காணாத இடத்திலும் நிறையறிந்து முகக்கும் வழியை அடர்த்தி என்னும் ஓர் எண் நமக்குத் தருகின்றது. அதனை வெப்பநிலையோடு சேர்த்துக் கேட்டறிவது கற்றவர் கடன்.