உண்ணிக்குள் ஓர் உயிர்

பக்ரீத் திருநாள் நெருங்கும்போது பெங்களூரு சாமராசப்பேட்டை ஈத்கா மைதானத்திற்குச் செம்மறியாடுகள் திரளாக விற்பனைக்கு வருவது வழக்கம். ஒக்கலிபுரத்திலிருந்து அவ்விடம் தொலைவன்று. அங்கு நிற்கும் ஆடொன்றின் காது மடலைப் புரட்டினால், ஆமணக்கு விதை போன்ற ஒன்று தோலோடு ஒட்டிக்கொண்டிருப்பதைச் சில வேளைகளில் காணலாம். அதுவே உண்ணி. ஆமணக்குச் செடிக்கு அறிவியலார் இட்ட ‘ரிசினஸ்’ என்னும் பெயர், இலத்தீன் மொழியில் உண்ணியைக் குறிக்கும் சொல்லே ஆகும். உரோமானியர் கண்ணுக்கும் அவ்விதை உண்ணியாகவே தோன்றியது போலும்!

‘உண்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த பெயர் உண்ணி. உண்பது அன்றி அதற்கு வேறு தொழில் இல்லை என்பதால் இப்பெயர் மிகவும் பொருந்துகிறது. ஊனுண்ணி, ஒட்டுண்ணி ஆகிய சொற்களிலும் இதே ‘உண்ணி’ உள்ளது. கன்னடத்தில் இதனை ‘உண்ணெ’ என்பர்.

உண்ணி பூச்சியினம் அன்று. சிலந்திக்கும் தேளுக்கும் உறவு. முட்டையிலிருந்து வெளிவரும்போது ஆறு கால்களும், வளர்ந்தபின் எட்டுக் கால்களும் உடையது. ஆட்டைப் பற்றும் பெண் உண்ணி வயிறு புடைக்க இரத்தம் குடித்து, கீழே விழுந்து, ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டபின் இறந்துவிடும். குஞ்சுப் பருவம் முதல் இறுதிவரை அதன் உணவு இரத்தம் ஒன்றே.

இங்கே ஒரு புதிர் எழுகிறது. இரத்தத்தில் புரதமும் இரும்பும் மிகுதி. பி வகை உயிர்ச்சத்துகளோ மிகக் குறைவு. மனிதர் அவற்றைத் தானியம், கீரை, பால் முதலியவற்றிலிருந்து பெறுகின்றனர். வேறெதையும் தீண்டாத உண்ணி அவற்றை எங்கிருந்து பெறுகிறது?

உண்ணியின் உடலுக்குள்ளேயே அதற்கு ஒரு சமையற்கூடம் இருக்கிறது. அதன் சூலகத்திலும் கழிவு நீக்கும் நுண்குழல்களிலும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. தென்னிந்திய ஆடுகளைப் பற்றும் ஹீமாபைசாலிஸ், ரிப்பிசெபாலஸ் ஆகிய பேரினங்களைச் சேர்ந்த பல உண்ணிகளில் காக்சியெல்லா வகைப் பாக்டீரியா வாழ்கிறது. அது பயோட்டின், ஃபோலிக் அமிலம், ரிபோஃபிளேவின் போன்ற உயிர்ச்சத்துகளைத் தயாரிக்கவல்லது. தாய் உண்ணி இதனை முட்டை வழியே பிள்ளைகளுக்கு வழங்கிவிடுகிறது. சீதனம் என்றே சொல்லலாம்.

இந்த உதவி இன்றியமையாததா என்பதைப் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் சோதித்து, 2018ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்டது ஆப்பிரிக்க மென்னுண்ணி ஒன்று. அதனுள் வாழ்வது பிரான்சிசெல்லா என்னும் வேறொரு பாக்டீரியா. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் அதனை அழித்தபோது உண்ணிகளின் வளர்ச்சி தடைப்பட்டது. இரத்தத்துடன் பி உயிர்ச்சத்துகளைக் கலந்து கொடுத்தபோது அவை மீண்டும் வளர்ந்தன. புதிர் அவிழ்ந்தது.

ஆட்டிடையருக்கு இச்செய்தி வெறும் வியப்பன்று. உண்ணி மிகுந்தால் குட்டி சோகை பிடித்து மெலியும், விலையும் குறையும். உண்ணிக்கொல்லி மருந்துகளை அடிக்கடி பயன்படுத்தினால் அவற்றைத் தாங்கி வாழும் உண்ணிகள் பெருகுகின்றன. ஆதலால் உண்ணியை விடுத்து அதற்குச் சோறிடும் பாக்டீரியாவைத் தாக்கலாமா என்று ஆராய்கின்றனர். எனினும் மந்தை முழுவதற்கும் நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பது அறிவுடைமையாகாது. பிற நோய்க்கிருமிகள் அம்மருந்துக்கு அடங்காமல் போய்விடும்.

காக்சியெல்லாக் குடும்பத்தில் எல்லோரும் நல்லவரும் அல்லர். காக்சியெல்லா பர்னெட்டி என்னும் உறவினம் ஆடுகளுக்குக் கருச்சிதைவையும் மனிதருக்குக் ‘கியூ காய்ச்சல்’ என்னும் நோயையும் தருகிறது. உண்ணிக்குள் அடங்கி வாழ்ந்த ஒரு மூதாதையிலிருந்தே இது தோன்றியிருக்கும் என அறிவியலார் கருதுகின்றனர். நோயுற்ற ஆடு ஈனும்போது வெளிப்படும் நீரிலும் நஞ்சுக்கொடியிலும் இது மிகுந்திருக்கும். காய்ந்து தூசியோடு கலந்து மூச்சு வழியே மனிதர் உடலில் புகும். ஆடு ஈனும் கொட்டிலைத் துப்புரவு செய்வோர் முகத்தை மூடிக்கொள்ளவேண்டும். ஆட்டிலிருந்து எடுத்த உண்ணியை விரலால் நசுக்குதலும் கூடாது. சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்தபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும்.

பயிற்சி
1. இரத்தம் மட்டுமே உண்ணும் உண்ணிக்குப் பாக்டீரியா ஏன் தேவைப்படுகிறது?
2. ‘உண்ணி’ என முடியும் வேறு சொற்களை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு எழுதுக.