இலவச சீட்டா? தலையாட்டுவதற்கு முன் ஒரு கணக்கு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததுமே நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகளிலிருந்து போன் வரத் தொடங்கும். அரசுப் பள்ளிப் பிள்ளை நல்ல மார்க் எடுத்திருந்தால் "ஃபீஸ் ஒண்ணும் வேண்டாம், அனுப்பி வைங்க" என்பார்கள். தறி ஓட்டுகிற, லாரி ஓட்டுகிற வீட்டில் அது சாதாரண வார்த்தை இல்லை. ஆனாலும் அன்றைக்கே சரி சொல்லிவிடாதீர்கள்.

பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியா? அப்படியென்றால் கைவசம் ஏற்கெனவே சில உரிமைகள் இருக்கின்றன. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேறியவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அதில் கட்-ஆஃப் பொதுப் போட்டியைவிட வெகுவாகக் கீழே நிற்கும். 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டப் படிப்புகளுக்கும் அதே ஒதுக்கீடு வந்தது. அப்படிச் சேர்பவர்களின் படிப்புச் செலவை அரசு ஏற்கிறது. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்டு. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு எழுதி ஆண்டுக்கு 12,000 ரூபாய் வாங்கும் பிள்ளைக்கு, சுயநிதிப் பள்ளிக்குப் போனால் அந்தப் பணமும் நின்றுவிடும்.

பிளஸ் ஒன்னில் பள்ளி மாறினால் இவ்வளவும் கையைவிட்டுப் போகிறது. எதிர்த்தட்டில் இருப்பது இரண்டு வருட ஃபீஸ் மட்டும். டாக்டராக வேண்டும் என்று நிற்கிற பிள்ளைக்கு இது நட்டக் கணக்கு என்றே நான் சொல்வேன். தங்கிப் படிக்க வேண்டும் என்றால் மாவட்டந்தோறும் அரசு மாதிரிப் பள்ளி இருக்கிறது. அங்கே படித்தால் ஒதுக்கீடு போகாது. பத்து வரை தனியாரிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்த பிள்ளைக்கு 7.5 சதவீதம் எப்படியும் கிடையாது. தனியாரில் படித்த பிள்ளையின் வீட்டில் யோசிக்காமல் வாங்கிக்கொள்ளலாம்; உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு அந்த மாதம் 1,000 ரூபாய் போகும் என்பதைக் கணக்கில் எடுங்கள்.

வாங்குவதென்று முடிவெடுத்தால் பள்ளியில் கேட்க வேண்டியவை: சலுகை பிளஸ் டூவுக்கும் உண்டா? ஹாஸ்டல், மெஸ், நீட் கோச்சிங் இதில் அடக்கமா? மார்க் குறைந்தால் சலுகை என்னவாகும்? வாய்வார்த்தை வேண்டாம், பள்ளி முத்திரையோடு தாளில் வாங்குங்கள். நடுவில் வெளியேற நேர்ந்து, பாக்கி இருக்கிறது என்று டி.சி.யைப் பிடித்துவைத்தால் பயப்பட வேண்டியதில்லை. கட்டண வசூலுக்கு டி.சி.யை ஆயுதமாக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லிவிட்டது.

சின்னப் பிள்ளைகளுக்கு வழி வேறு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில் எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பில் 25 சதவீத இடம் ஒதுக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை கட்டணம் இல்லை. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பள்ளிகளுக்கு முன்னுரிமை. விண்ணப்பம் கூடினால் குலுக்கல். இரண்டு லட்சம் வருமான வரம்பு 'நலிவடைந்த பிரிவினர்' என்று விண்ணப்பிப்போருக்குத்தான். வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். மத்திய நிதி வராத இழுபறியில் 2025இல் அது அக்டோபருக்குப் போனது. இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. இந்த ஒதுக்கீட்டில் எட்டு வரை தனியாரில் படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் 7.5 சதவீதத்துக்குத் தகுதி உண்டு. எட்டாம் வகுப்பு முடிகிற வருடம் இதை மறந்துவிடாதீர்கள்.

பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் ஸ்ரேஷ்டா திட்டம் இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுதி ஒன்பதிலோ பதினொன்றிலோ தனியார் சி.பி.எஸ்.இ. உறைவிடப் பள்ளியில் சேரலாம்; வருமான வரம்பு இரண்டரை லட்சம்.

வழிக்கேற்பச் சாதிச் சான்றோ, வருமானச் சான்றோ, இரண்டுமோ வேண்டியிருக்கும். வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். கொல்லிமலையிலிருந்து இறங்கி வந்து குடியேறிய பழங்குடிக் குடும்பங்கள் சாதிச் சான்றுக்குக் கோட்டாட்சியர் அளவுக்குப் போக வேண்டும் என்பதால் தாமதமாகும். மார்ச் கடைசியில் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பதைவிடப் பொங்கல் முடிந்ததுமே மனுவைப் போட்டுவிடுங்கள்.