சக்கரத்தின் காற்றும் அதனை அளக்கும் கருவியும்

தமிழகத்தின் வடமேற்கு எல்லைக்கண், கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சார்ந்த வேப்பனப்பள்ளி, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கே வழங்கும் ஊராகும். அங்கிருந்து ஒரு சாலை ஆந்திர நாட்டுக் குப்பத்தை நோக்கிச் செல்லும். மற்றொன்று கருநாடகத்துக் கோலார்ப் பக்கம் செல்லும். தெற்கே செல்வது கிருஷ்ணகிரியை அடைந்து பெங்களூர், சென்னைப் பெருஞ்சாலையோடு கலக்கும். மாங்காய்ப் பருவத்தில் கூழ்த் தொழிற்சாலைகளை நாடிச் செல்லும் லாரிகளும், மக்கள் ‘குட்டியானை’ எனச் செல்லமாக அழைக்கும் சிறு சரக்கு வண்டிகளும், வயலுக்குச் செல்லும் டிராக்டர்களும், ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு ஆட்களைக் கொண்டு செல்லும் பேருந்துகளும் இச்சாலைகளில் ஓய்வின்றி ஓடுகின்றன. இவற்றையெல்லாம் தாங்கி நிற்பது யாது? ரப்பர் என்பர் பலர். அன்று, ரப்பருக்குள் அடைபட்டுள்ள காற்றே தாங்குகிறது. அக்காற்று போதுமானதா என்று கூறும் கருவி, சட்டைப் பையில் அடங்குவது. அதனைத் தேர்ந்து வாங்குவது எங்ஙனம் என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்கு ஒரு காரணமும் உண்டு. ஒரே சக்கரத்தை அடுத்தடுத்த இரு பஞ்சர்க் கடைகளில் அளந்தபொழுது, ஒரு கருவி 30 எனவும் மற்றொன்று 26 எனவும் காட்ட யாம் கண்டோம். அளக்குந்தோறும் சிறிது காற்று வெளியேறுதல் இயல்பே. ஆயினும் ஒரு முறை அளப்பதால் 4 பவுண்டு வெளியேறாது. இரண்டனுள் எதனை நம்புவது?

முதற்கண், 30 என்பதன் பொருளை உணர்தல் வேண்டும். டயரின் உட்புறத்தே ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மேலும், வெளிக்காற்றின் அழுத்தத்திற்கு மேற்பட்டு, 30 பவுண்டு நிறை அழுத்துகின்றது என்பதே அதன் பொருள். நம் நாடு 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவைகளை மேற்கொண்டும், டயர்க் கடைகள் மட்டும் பவுண்டை விட்டபாடில்லை. ஒரு கார் 1,200 கிலோகிராம் நிறையுள்ளதாயின் ஒரு சக்கரத்தின் பங்கு 300 கிலோகிராம், அதாவது ஏறக்குறைய 660 பவுண்டு. உள்ளே 30 பவுண்டு அழுத்தம் இருப்பின், அந்நிறையைத் தாங்க 22 சதுர அங்குலம் தரையைத் தொட வேண்டும்; ஏறத்தாழ விரித்த கையளவு எனலாம். அழுத்தம் 22 ஆகக் குறைந்தால் 30 சதுர அங்குலம் தொட வேண்டும். அதன்பொருட்டு டயர் நசுங்கும். ஒவ்வொரு சுற்றிலும் அதன் பக்கச்சுவர் மடங்கி நிமிரும். மடங்கி நிமிர்வது சூடாகும். வேகமும் சுமையும் வெயிலும் சேர்ந்தால் ரப்பர் அடுக்கடுக்காய்ப் பிரிந்து வெடிக்கும். மயிலிறகையும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் கண்டது அக்காலத்து மரவண்டியை. இக்காலத்து வண்டியில் அச்சுக்கு முன்னரே டயர் போய்விடுகின்றது.

இஃது அச்சுறுத்தும் பேச்சன்று. அமெரிக்க நாட்டில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்னும் வண்டிகளிற் பூட்டப்பெற்ற ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பகுதி ஓட்டத்திலேயே பிரிந்து, வண்டிகள் கவிழ்ந்தமையால், 270-க்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர் என அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை குறித்துள்ளது. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஏறக்குறைய 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. டயர் செய்த முறையும், வண்டியின் அமைப்பும், அதற்கு விதித்த 26 பவுண்டு என்னும் குறைந்த அழுத்தமும் ஆகிய மூன்றுமே அக்காலத்து வழக்கில் ஆராயப்பட்டன. அதன் பயனாக அவ்வாண்டே ஒரு சட்டம் பிறந்தது; 2007 செப்டம்பர் முதல் அந்நாட்டில் விற்கும் புதிய கார்கள் அனைத்திலும் காற்றுக் குறைவை அறிவிக்கும் விளக்கு கட்டாயமாயிற்று. ஆனால் அவ்விளக்கு, விதித்த அளவினின்றும் நான்கில் ஒரு பங்கு குறைந்த பின்னரே எரிந்தாற் போதும் என்பது விதி. 32 பவுண்டு வேண்டிய டயர் 25-க்கு இறங்கியும் அவ்விளக்கு வாளா இருக்கலாம். ஆதலின் விளக்கு வந்தமையால் கைக்கருவி வேண்டாததாகிவிடவில்லை. லாரி ஓட்டுநர் இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பது முழுதும் காற்றிழந்த டயரைக் காட்டிக் கொடுக்குமேயன்றி, 20 பவுண்டு குறைந்ததைக் காட்டாது. கண்ணும் அவ்வாறே, இக்காலத்து ரேடியல் டயர் நிறைந்த காற்றிலும் சற்றுப் பிதுங்கியே தோன்றும்.

இனி, கருவியின் வகைகளைக் காண்போம். பேனா வடிவினது ஒன்று. அதனுள் ஓர் உந்தும் சுருள்வில்லும் உள்ளன. காற்று உந்தைத் தள்ள, கோடிட்ட சிறு கோல் வெளியே நீளும். விலை குறைவு, பையில் அடங்கும். ஆனால் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால் உந்து தடைப்படும். வண்டியில் ஆபத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

வட்ட முகமும் முள்ளும் உடையது மற்றொன்று. பாரிசில் வாழ்ந்த யூஜீன் பூர்தோன் என்பார் 1849-இல் உரிமை பெற்ற அமைப்பு அது. முதலில் நீராவிக் கொதிகலன்களுக்கே பயன்பட்டது. டன்லப் 1888-இல் காற்றடைத்த டயரைப் பெல்பாஸ்டு நகரில் உரிமை பெறும் முன்னரே அளக்கும் கருவி பிறந்திருந்தது என்பது வியப்பே! திருவிழாக் கடைகளில் ஊதினால் விரிந்து நீளும் காகிதச் சுருளைக் கண்டிருப்பீர்கள். அதே தத்துவந்தான். தட்டையான உலோகக் குழாய் வளைத்து வைக்கப்பட்டுள்ளது. அழுத்தம் ஏற அது நிமிர முயலும். அந்நுண்ணிய அசைவைப் பற்சக்கரங்கள் பெருக்கி முள்ளைச் சுழற்றும். சுருள்வில்லின் உராய்வு இதற்கில்லை, மின்கலமும் வேண்டா. கீழே விழுதலே இதன் பகை. விழுந்த கருவியின் முள் பூச்சியத்தில் நிற்பதை மட்டும் கண்டு அமைதி கொள்ளலாகாது. பூச்சியத்தில் ஒரு சிறு ஆணி முள்ளைத் தடுத்து நிறுத்தும் கருவிகள் பல. முள் பூச்சியத்திற்குக் கீழே போக விரும்பினும் அவ்வாணி மறைத்துவிடும். ஆணியில்லாத முகமுடையதைத் தேர்தல் நன்று.

எண்களை ஒளிர்விக்கும் மின்னணுக் கருவி மூன்றாவது. சிலிக்கன் தகடு அழுத்தத்தால் வளைய, அதன் மின்தடை மாறுவதை அது எண்ணாக்குகிறது. இருளிலும் படிக்கலாம். 31.4 எனப் புள்ளிக்குப் பின்னும் ஓர் எண் காட்டுவதால் அது மிகத் திருத்தமானது என நினைப்பவர் பலர். காட்டும் நுணுக்கம் வேறு, திருத்தம் வேறு. 2 பவுண்டு தவறிய கருவியும் புள்ளிக்குப் பின் எண் காட்டும்.

வகையினும் இன்றியமையாதது அளவெல்லையாகும். இதனைக் கடைக்காரரும் சொல்வதில்லை, வாங்குவோரும் கேட்பதில்லை. முள் கருவிகளின் பிழை, முழு அளவின் நூற்றுக்கூறாகக் கூறப்படும். ‘பி’ தரம் எனப் பெயர் பெற்ற அமெரிக்க வரையறைப்படி, முகத்தின் நடுப்பாதியில் 2 விழுக்காடும், இரு ஓரங்களில் 3 விழுக்காடும் பிழை இருக்கலாம். 160 பவுண்டு வரை காட்டும் கருவியில் நடுப்பாதி என்பது 40 முதல் 120 வரை. லாரி டயரின் 110 பவுண்டை அது 3.2 பவுண்டுப் பிழைக்குள் காட்டும், அது போதும். அதே கருவியைக் காரின் 30 பவுண்டுக்கு வைத்தால், ஓரத்தில் வீழ்வதால் 4.8 பவுண்டு வரை பிழைக்கலாம். டிராக்டரின் பெரிய பின்சக்கரத்திற்கு வயலில் 12 பவுண்டளவே போதும், அங்கே 4.8 பவுண்டுப் பிழை என்றால் அளவாமலே விட்டுவிடலாம். 60 வரை காட்டும் கருவியோ காரின் 30-ஐ நடுவிற் கண்டு, 1.2 பவுண்டுக்குள் கூறும். ஆனால் அதனை லாரியில் வைத்தால் குழாயே நிமிர்ந்து கெடும். ஆகவே வேப்பனப்பள்ளி போன்ற ஊரில் எல்லா வண்டிக்கும் ஒரு கருவி என்பது பொருந்தாது. தமக்கு வேண்டிய அழுத்தம் முகத்தின் நடுவே வருவதனையே கொள்க. இரட்டைச் சக்கர லாரிகளுக்கு, உட்சக்கரத்தின் வால்வை எட்டும் நீண்ட கழுத்தும் இருபுற வாயும் வேண்டும். இன்றேல் உட்சக்கரம் அளக்கப்படாமலே போகும்.

அடுத்து, ஒரு கருவி மெய் கூறுகிறதா என்பது. நின்ற வண்டியின் ஒரே டயரை மும்முறை அளந்து பார்க்க. மூன்றும் ஒத்திருந்தால் அக்கருவி நிலைத்தன்மை உடையது. எப்பொழுதும் 2 பவுண்டு கூட்டிக் காட்டும் கருவி, ஒரு முறை கூட்டியும் மறுமுறை குறைத்தும் காட்டுவதைவிட நல்லது. முன்னதன் பிழையைக் கழித்துவிடலாம், பின்னதனை என் செய்வது! அப்பிழை எவ்வளவு என்றறிய, சான்று பெற்ற கருவியோடு ஒப்பிட வேண்டும். ஓசூர், பெங்களூர் போன்ற தொழில் நகரங்களில் அதற்கென அளவுத்திருத்தக் கூடங்கள் உள்ளன. அவற்றின் கருவிகளும் தத்தம் மேற்கூடங்களில் சரிபார்க்கப்பெறும். அவ்வரிசை புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்திற் சென்று முடியும். அக்கூடங்கள் சிலவற்றில் உள்ள பொறி தமிழ் மாணவர்க்கு மகிழ்ச்சி தருவது. நன்கறிந்த பரப்புடைய ஓர் உந்தின் மேல் எடைக்கற்களை வைப்பர்; கீழிருந்து எண்ணெயோ காற்றோ அதனைத் தாங்கி உயர்த்தும்; அந்நிலையில் கருவியின் முள் எதனைக் காட்டுகிறது எனக் காண்பர். 1 சதுர அங்குல உந்தின் மேல் 30 பவுண்டுக் கல்! வள்ளுவர் நடுவுநிலைமைக்கு உவமையாக்கிய துலாக்கோலின் உறவே இது.

அளக்கும் வேளையும் கருதத்தக்கது. ஓடிய டயர் சூடேறியிருக்கும்; 10 பாகை செல்சியசுக்கு ஒன்றரைப் பவுண்டளவு காருக்குக் கூடும். எனவே வண்டி மூன்று மணி நேரமேனும் நின்ற பின்னர், காலையில், புறப்படுமுன் அளத்தல் முறை. நண்பகலில் கூடியிருக்கக் கண்டு காற்றை இறக்குவோர், மறுநாட் காலையில் குறைந்த டயரோடு புறப்படுவர். உயரமும் சிறிது வேறுபடுத்தும். சென்னையில் அடைத்த காற்று, ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள ஓசூரில், வெப்பம் ஒன்றாயிருப்பின், ஒரு பவுண்டிற்குச் சற்று மேல் கூடிக் காட்டும். வெளிக்காற்று அங்கே மெலிந்தமையே காரணம். ஓசூரின் குளிர்ச்சி அதிற் பெரும்பங்கைக் கழித்தும்விடும். வேண்டிய அளவு ஓட்டுநர் கதவின் ஓரத்து ஒட்டியிருக்கும் சீட்டிலோ வண்டியின் கையேட்டிலோ இருக்கும். டயரின் பக்கத்தில் பொறித்துள்ள எண் அது தாங்கும் பேரெல்லையேயாகும்.

வாங்கிய கருவியை ஆண்டுக்கொருமுறை ஒப்பிட்டு, கூட்டிக் காட்டினால் எவ்வளவு, குறைத்துக் காட்டினால் எவ்வளவு என்பதை ஒரு துண்டுத் தாளில் தேதியோடு எழுதி, அதன் முதுகில் ஒட்டி வைக்க. வண்டியை வேறொருவர் எடுத்துச் செல்லும் நாளில் அவர்க்கும் அது தெரிய வேண்டுமன்றோ!